அணிந்த நேரம்

மார்ச் 3, திங்கள்

அணிந்த நேரம்: காலை 11 முதல் இரவு 9 வரை. திருகு: 2. புண்: 18 மி.மீ.

இந்தப் பச்சை நோட்டில் ‘கருத்து’ என்ற கட்டத்துக்கு இரண்டு வரிதான் விட்டிருக்கிறார்கள். முப்பத்திரண்டு வருஷம் இயற்பியல் நடத்தியவனுக்கு இரண்டு வரி எந்த மூலைக்கு? எதிர்ப் பக்கம் வெறுமையாக இருக்கிறது, அதிலும் எழுதலாமா என்று நோட்டைக் கொடுத்த ஆராய்ச்சியாளர் முனைவர் மெஹருன்னிசாவிடம் கேட்டேன். “தாராளமா எழுதுங்க சார். நாங்க கேக்க மறந்ததுலதான் விஷயம் இருக்கும்” என்றார். ஆகவே எழுதுகிறேன்.

பெயர் குற்றாலிங்கம். வயது அறுபத்தாறு. சர்க்கரை வந்து பத்தொன்பது வருஷம். இரண்டு பாதங்களிலும் உணர்ச்சி இல்லை. ஜனவரியில் ஒருநாள் வங்கிக்கும் தபால் ஆபீசுக்கும் நடந்துவிட்டு வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினால், உள்ளே ஒரு புளியங்கொட்டை. நான்கு கிலோமீட்டர் அதன்மேல் நடந்திருக்கிறேன். இடது பெருவிரலின் அடியில் அன்று வந்த புண் இன்னும் ஆறவில்லை.

இன்று காலை டாக்டர் அமலன் அதை அளந்துவிட்டு, “ஏப்ரல் ஏழு வரைக்கும் பாப்போம் சார். சுருங்கலைன்னா விரலை எடுத்துருவோம். காலைக் காப்பாத்த விரலைக் குடுக்கிறதுதான்” என்றார். நியாயமான கணக்குதான். ஆனால் நான் கொடுப்பதாக இல்லை.

அவர்தான் இந்த ஆராய்ச்சிக்கு என்னை அனுப்பியவர். ஊருக்கு வெளியே உள்ள பொறியியல் கல்லூரியில் மெஹர் அம்மையாரின் குழு புதுவிதமான பாத அட்டை ஒன்றைச் செய்கிறது. ஷூவுக்குள் போட்டுக்கொள்ள வேண்டியது. என்னோடு சேர்த்துப் பதினொரு பேர். ரப்பர் மாதிரி வளையும் சாதாரணப் பிளாஸ்டிக்தான். புதுமை பொருளில் இல்லை, வடிவத்தில். உள்ளே தேன்கூடு போல ஆயிரக்கணக்கான சிறு அறைகள். சுவர்களைச் சாய்த்தும் குழித்தும் வைத்திருக்கும் விதத்தால் அட்டை ஒவ்வொரு திசையிலும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்கிறது.

பழைய கடை வாசல்களில் இழுத்துச் சாத்தும் இரும்புக் கேட் இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் இழுத்தால் சுருங்கும், விரியும். மேலிருந்து எத்தனை பேர் ஏறி மிதித்தாலும் உயரம் குறையாது. இரும்பு ஒன்றுதான், திசைதான் வேறு. இந்த அட்டை புண்ணுக்கு நேர் கீழே அமுங்கிக் கொடுக்க வேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் விரிந்துகொடுக்க வேண்டும். ஆனால் முன்னும் பின்னுமாக அசையவே கூடாது. காலடி வைக்கும்போது பாதம் முன்னே வழுக்கினால் அந்த இழுவையில்தான் தோல் பிய்கிறது.

குதிகால் பக்கம் ஒரு சின்னத் திருகு. அதைத் திருப்பினால் அறைகளின் ஊடே ஓடும் நூல் இறுகி, முன்பின் அசைவு இன்னும் குறையும். ஒன்று முதல் ஐந்து வரை. அவரவர் நடைக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளலாம்.

கால்விரல்கள்: பத்து. (இதை நோட்டில் கேட்கவில்லை. பதிவுக்காக எழுதிவைக்கிறேன்.)

மார்ச் 4, செவ்வாய்

அணிந்த நேரம்: முழுநாள். திருகு: 2.

என் மனைவி பிரமு வீட்டைக் கழுவிவிட்டாள். ஈரத் தரையில் என் தடத்தைப் பார்த்தேன். இடது காலில் பெருவிரல் தடம் மட்டும் மற்ற நான்கைவிடக் கறுப்பாக அழுந்தியிருந்தது. எடை எங்கே விழுகிறது என்பதைத் தண்ணீரே எழுதிக் காட்டிவிடுகிறது.

மார்ச் 6, வியாழன்

முழுநாள். திருகு: 2.

என் மனைவி பிரமநாயகிக்கு வீட்டுக்குள் ஷூ என்பதே ஒப்பவில்லை. “தெருவுல நாய் பேஞ்சத, மாடு போட்டத எல்லாம் மிதிச்சிட்டு அடுக்களைக்குள்ள வருவியளோ? எங்க அப்பா வீட்டுல கலெக்டரே வந்தாலும் வாசல் நடைக்கு வெளியதான் கழத்தணும்” என்றாள். அவள் அப்பா வீட்டுக்கு எந்தக் கலெக்டரும் வந்ததாகத் தகவல் இல்லை. அதைச் சொல்லவில்லை. பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம்.

மார்ச் 9, ஞாயிறு

முழுநாள். திருகு: 3.

காலையில் சிவன் கோயிலில் ஒரு திருமணம். முகூர்த்தம் பத்தரைக்கு மேல். வெளிப்பிரகாரக் கல்லில் வெயில் ஏறிவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமனிலிருந்து நாதஸ்வரக்காரர் வரை எல்லாரும் சுடுசட்டியில் எள் போலத் துள்ளித் துள்ளி ஓடினார்கள். நான் மட்டும் பட்டத்து யானை போல நிதானமாக நடந்து வந்தேன். பெண்வீட்டுக்காரர் ஒருவர், “சாருக்கு என்ன பக்தி!” என்றார். பிரமு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மார்ச் 10, திங்கள்

முழுநாள். புண்: 18. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மார்ச் 13, வியாழன்

முழுநாள். திருகை 1-லும் 5-லும் வைத்துப் பார்த்தேன். நடையில் ஒரு வித்தியாசமும் இல்லை. எனக்குத் தெரியாதுதான். ஆனால் பிரமுவை வாசல்படியில் உட்காரவைத்து, தெருவில் நான் நடப்பதைப் பார்க்கச் சொன்னேன். “ரெண்டு தரமும் வாத்து மாதிரிதான் இருக்கு” என்றாள்.

மார்ச் 17, திங்கள்

முழுநாள். புண்: 19.

டாக்டர் புண்ணை அளந்தார். காலண்டரைப் பார்த்தார்.

மாலையில் மெஹர் போன் செய்தார். பதினொரு பேரில் ஏழு பேருக்கு முன்னேற்றம் இல்லையாம். “இருபத்தெட்டாம் தேதி மேற்பார்வைக் குழு கூடுது சார். இப்படியே போனா ஆராய்ச்சிய நிறுத்திருவாங்க. கம்ப்யூட்டர்ல அவ்வளவு அழகா வந்துச்சு. நாலு வருஷ உழைப்பு.” ஏதோ தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. “உங்க நோட்டுலயாவது எல்லாம் சரியா இருக்கும். நாள் தவறாம முழுநாள் போட்டிருக்கீங்கன்னு அமலன் சார் சொன்னாங்க” என்றார்.

இன்னும் கவனமாகப் பார்க்கிறேன் என்று சொன்னேன்.

மார்ச் 20, வியாழன்

முழுநாள். திருகு: 4.

இன்றைய கண்டுபிடிப்பு பிரமுவுடையது. துவைக்கிற கல்லிலிருந்து கூப்பிட்டாள்.

“இந்த சாக்ஸ பாருங்க. எப்பவும் பெருவிரலடியில வட்டமாத்தான் தேயும். இது என்ன, ரோட்டுல சைக்கிள் பிரேக் போட்ட மாதிரி நீளமா தேஞ்சிருக்கு?”

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். குதிகாலிலிருந்து விரலை நோக்கி நீளமான இழுவை. முன்பின்னாக அசையவே கூடாத அட்டையின்மேல் இந்தத் தேய்மானம் வரக்கூடாது.

“பிரமு, நீ விஞ்ஞானி” என்றேன்.

“விஞ்ஞானியா இருந்தா இந்த நாத்தம் புடிச்ச சாக்ஸ ஏன் துவைக்கேன்?” என்றாள்.

மார்ச் 21, வெள்ளி

முழுநாள். அட்டையின் மேல் சாக்பீஸ் பொடி தூவி, கறுப்பு சாக்ஸ் போட்டு, பத்தடி நடந்தேன். சாக்ஸில் ஒட்டிய தடம் முன்பின்னாகப் பதினொரு மி.மீ. அகலவாக்கில் நான்கு. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் ஏறக்குறைய அதே அளவு.

மார்ச் 22, சனி

முழுநாள். (சோதனை நேரம் நீங்கலாக.)

அட்டையை மட்டும் வெளியே எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். அடிப்பக்கத்தை இரட்டை ஒட்டு டேப்பால் மேஜையோடு ஒட்டினேன். மேல்பக்கத்தில் ஒரு மரப்பலகைத் துண்டை ஒட்டி, அதில் தூண்டில் நரம்பைக் கட்டி, மேஜை விளிம்பில் பிரமுவின் தையல் நூல்கண்டைக் கப்பியாக வைத்து, நரம்பின் நுனியில் உப்புப் பாக்கெட்டுகளைத் தொங்கவிட்டேன். இரண்டு பாக்கெட், இரண்டு கிலோ. பலகை எவ்வளவு நகர்கிறது என்பதற்கு ஒரு ஸ்கேல். பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைத்ததில்லை.

நீளவாக்கில் இழுத்தால் 7 மி.மீ. நகர்கிறது. அகலவாக்கில் 2 மி.மீ.

தலைகீழாக இருக்க வேண்டியது. திருகை ஐந்தில் வைத்தாலும் நீளவாக்கில் அதே ஏழு. வலது அட்டையும் அப்படியே.

பிரமு உப்புப் பாக்கெட்டைத் திருப்பிக் கேட்டாள். கொடுத்தேன். திருப்பிக் கேட்டு வாங்கினேன். இன்னொரு முறை அளந்தேன். ஏழு.

இந்த அட்டைக்குள் அறைகள் திசைமாறி நிற்கின்றன. வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

மார்ச் 24, திங்கள்

முழுநாள். புண்: 20.

டிரெஸ்ஸிங் முடிந்து நேராகக் கல்லூரிக்குப் போனேன். மெஹர் அம்மையாருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மேலப்பாளையத்துக்காரர், பேச்சில் நிதானம் உண்டு. என் அளவுகளைப் பார்த்ததும் அந்த நிதானம் போய்விட்டது. என்னை இழுக்காத குறையாக பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காக வார்த்து அட்டையை அச்சிடும் இயந்திரம் இருக்கிற அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே அதை இயக்குகிறவர் இசக்கியப்பன். ஐம்பது வயது, காதில் பென்சில்.

“இசக்கி அண்ணே, சாருக்குக் குடுத்த ரெண்டாவது செட்டு அட்டைய எப்படி அடிச்சீங்க?”

“எப்பவும் போலத்தாம்மா. மொதல்ல ஒவ்வொரு ஜோடியா அடிச்சேன். பொறவு நீங்க சீக்கிரம் வேணும்னு சொன்னியளா, அதான் நாலு ஜோடிய ஒரே தட்டுல அடைச்சேன்.”

“நேரா வெச்சா நாலு ஜோடி கொள்ளாதே?”

“குறுக்க திருப்பி வெச்சேன். பஸ் சீட்டுல சின்னப்பிள்ளையள ஒருக்களிச்சு படுக்க வெப்பம்லா, அந்த மாதிரி.”

மெஹர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தன் கம்ப்யூட்டரில் என்னிடம் காட்டினார். அட்டையின் வெளிவடிவம் மட்டும்தான் காலின் அளவு. உள்ளறைகளை நிரப்புவது இயந்திரம். அது காலைப் பார்த்து நிரப்புவதில்லை, தன் மேஜையைப் பார்த்து நிரப்புகிறது. அட்டையைக் குறுக்கே வைத்தால் வெளிவடிவம் திரும்பும், உள்ளறைகள் திரும்பாமல் பழைய திசையிலேயே நிற்கும்.

இசக்கியப்பனுக்கு இன்னும் புரியவில்லை. “எப்படி வெச்சாலும் அதே பிளாஸ்டிக்தானம்மா? இருவது வருசமா திருப்பித் திருப்பித்தான் அடிக்கேன்.”

“லட்டை எந்தப் பக்கம் பிட்டாலும் லட்டுதான் இசக்கியப்பன்” என்றேன். “கரும்பை அப்படிப் பிய்க்க முடியுமா? குறுக்கே ஒடிக்கலாம். நெடுக உரிக்கத்தான் முடியும். இத்தனை நாள் நீங்க அடிச்சது லட்டு. இது கரும்பு.”

அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்து, இயந்திரத்தின் தட்டில் குறுக்கே வைத்துப் பார்த்தார். “அப்போ நாலு பேரு காலுக்கு நான்…” என்று நிறுத்தினார். மெஹர், “நான் எழுதித் தரலைண்ணே. தப்பு என்னோடது” என்றார். நல்ல தலைமை.

பிறகு என்னிடம் திரும்பினார். கண் மின்னியது. “சார், உங்க நோட்டுதான் இப்ப ஆதாரம். ஒருநாள் விடாம முழுநாள் போட்டும் புண் வளருது, அட்டை திசைமாறி இருக்கு. இதைவிடத் தெளிவா ஒண்ணும் வேண்டாம். அறிக்கையில முதல் பக்கமே உங்களுதுதான். புதன்கிழமை நோட்டக் கொண்டாங்க, நகல் எடுக்கணும்.”

சரி என்றேன்.

மார்ச் 25, செவ்வாய்

நாளைக்குக் கொடுக்க வேண்டிய நோட்டு என்பதால், எழுத்துப் பிழை பார்க்க முதலிலிருந்து படித்தேன்.

நான்காம் தேதி: ஈரத் தரையில் ஐந்து விரல்களின் தடம். ஷூவுக்கு ஏது விரல்?

ஒன்பதாம் தேதி: கோயில் பிரகாரத்தில் பட்டத்து யானை.

இரண்டுக்கும் மேலே, என் கையெழுத்தில், ‘முழுநாள்’.

பிரமுவோடு பேசி முடிவுக்கு வந்ததாக எழுதியிருந்தேனே, அந்த முடிவு இதுதான்: வாசலில் கழற்றிவிடுவது. ஓய்வுபெற்றவன் வெளியே போவது ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? மீதி நேரமெல்லாம் வெறுங்கால். புண்ணில் பஞ்சுக்கட்டு, அதன்மேல் நடை. இரவு ஒன்பது மணிக்கு நோட்டை எடுக்கும்போது, வீட்டுக்குள் நடப்பதெல்லாம் ஒரு நடையா என்று நினைத்துக்கொண்டு எழுதிவிடுவேன்.

ஒவ்வொரு வருஷமும் முதல் ஆய்வக வகுப்பில் நான் சொன்னது ஒன்றே ஒன்று. கண்டதை எழுது, கிடைக்க வேண்டியதை எழுதாதே. தனி ஊசல் சோதனையில் சரியான விடையை முன்னாலேயே தெரிந்துகொண்டு அளவுகளைச் சமைத்த நோட்டுகளை எத்தனை திருப்பி எறிந்திருக்கிறேன்!

சொல்லாமல் விட்டால் என்ன? அட்டை திசைமாறியிருந்தது உண்மை. அதை நான் கண்டுபிடித்ததும் உண்மை. குழு ஒப்புக்கொள்ளும், ஆராய்ச்சி தொடரும், புது அட்டை வரும். ஆனால் புது அட்டையையும் நான் வாசலில்தான் கழற்றுவேன். அதுவும் தோற்கும். அப்போது மெஹர் எதைத் திருப்பிப் பார்ப்பார்? நல்ல வடிவத்தைக் கெட்டதென்று நினைத்துக் கலைத்துப் போடுவார். என் விரலோடு அது நிற்காது.

அந்த இரண்டு தாள்களைக் கிழித்துவிடலாமா என்றும் ஒரு நிமிடம் யோசித்தேன். பிரமு எதிரில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நோட்டை எட்டிப் பார்த்தாள்.

“முழுநாள்னு எழுதியிருக்கு?”

“ம்.”

“எது முழுநாள்?”

தாள்களை முதல் பக்கம் வரை திருப்பினேன்.

“நான் கழத்தத்தான் சொன்னேன். எழுதச் சொல்லலையே” என்றாள். கத்தியை வைத்துவிட்டு, “விரலு போயிரும்னு என்கிட்ட ஏன் சொல்லல?” என்றாள். டாக்டர் குறித்த தேதியை அவளிடம் நான் சொல்லியிருக்கவில்லை. இந்த நோட்டின் முதல் பக்கத்தில்தான் அவள் படித்தாள்.

தப்பான அளவை ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது. அடியில் இருப்பது தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். இதுவும் வகுப்பில் சொன்னதுதான். மாலை நாலு மணி முதல் ஏழு மணி வரை உட்கார்ந்து இருபத்திரண்டு நாள் பதிவுகளிலும் கோடு போட்டேன். நினைவுக்கு வந்தவரை, வெளியே போன நேரத்தை வைத்து எழுதினேன். இரண்டு மணி. மூன்று. ஒன்றரை. ஒரு நாள்கூட ஐந்தைத் தாண்டவில்லை.

இன்று: 1 மணி 40 நிமிடம்.

மார்ச் 26, புதன்

மெஹர் நோட்டை வாங்கி, கோடுகளைப் பார்த்தார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ஒன்பதாம் தேதியில் கொஞ்சம் நின்றார்.

“யானை” என்றார்.

“ஆமாம்.”

“இது இல்லாம நான் வெள்ளிக்கிழமை குழு முன்னாடி என்னத்த வெக்கிறது சார்?”

“உப்புப் பாக்கெட் அளவுகள் உண்மை. சாக்பீஸ் தடம் உண்மை. அதை யார் வேண்டுமானாலும் திரும்பச் செய்து பார்க்கலாம். முழுநாள் என்பது மட்டும் பொய்.”

“உங்கள நம்பினேன் சார்” என்றார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னார்.

பஸ் ஸ்டாப் வரை இசக்கியப்பன் கூட வந்தார். “சார்வாள், மனசுல வெக்காதீய. நானும் குறுக்க வெச்சத மூணு நாளு மறைக்கத்தான் பாத்திருப்பேன், அந்தம்மா நேரா கேக்கலைன்னா” என்றார். புது அட்டையை நாளைக் காலையில் அவரே வீட்டுக்குக் கொண்டுவருகிறாராம். ஒரு ஜோடி மட்டும், நேராக வைத்து.

1 மணி 15 நிமிடம்.

மார்ச் 27, வியாழன்

இசக்கியப்பன் கொண்டுவந்தது ஒரு ஜோடி இல்லை, இரண்டு. “ஒண்ணு தெருவுக்கு, ஒண்ணு வீட்டுக்கு” என்றார். இது மெஹருக்குத் தோன்றியதா, அவருக்கா என்று கேட்டேன். பிரமு அடுக்களையிலிருந்து, “நான்தான் போன்ல சொன்னேன்” என்றாள்.

அவள் நேற்றே டவுனுக்குப் போய்ப் புதிதாக ஒரு கான்வாஸ் ஷூ வாங்கி, துவைத்துக் காயவைத்திருந்தாள். அட்டையை உள்ளே வைத்ததும் இரண்டு ஷூவின் மூக்கிலும் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்தாள். ஆயுத பூஜைக்கு அரிவாள்மணைக்கு வைப்பது போல.

“இது தெருவ மிதிக்காது. இது செருப்பு இல்ல, கருவி. அடுக்களைக்கு வரலாம். சாமி ரூமுக்குள்ள மட்டும் வேண்டாம், வெளிய நின்னு கும்பிடுங்க. சாமிக்குக் கண்ணு தெரியும்.”

மேஜையில் உப்புப் பாக்கெட் சோதனை: நீளவாக்கில் 2, அகலவாக்கில் 6. திருகு ஐந்தில் நீளவாக்கில் ஒன்றுக்கும் கீழே. இசக்கியப்பன் ஸ்கேலில் கண்ணை வைத்து மூன்று தடவை பார்த்தார். “கரும்புதான்” என்றார்.

அணிந்த நேரம்: 9 மணி 30 நிமிடம். கழற்றியது: குளிக்க 25 நிமிடம், சோதனைக்கு 40. மறந்து வெறுங்காலோடு வாசலுக்குப் போனது: ஒரு முறை, பதினான்கு அடி.

மார்ச் 31, திங்கள்

15 மணி 5 நிமிடம். திருகு: 4. புண்: 18.

மெஹர் போன் செய்தார். குழுவிடம் இரண்டையும் மறைக்காமல் சொன்னாராம், அட்டை திரும்பியதையும் நோட்டு பொய்யானதையும். ஒரு மாதம் கொடுத்திருக்கிறார்கள். “அதவிடப் பெருசு ஒண்ணு சார். மத்த பத்து பேரையும் வீட்டுக்கே போயிப் பாத்தேன். நோட்ட கேக்கல. வாசல்ல நின்னு, ஷூ எங்கன்னு மட்டும் கேட்டேன். பத்து பேருதும் வாசல்லதான் கெடக்கு.” சிரித்தார். “நாலு வருஷமா அறையோட சுவர் எத்தனை டிகிரி சாயணும்னு கணக்குப் போட்டேன். வீட்டுக்குள்ள யாரும் செருப்பு போட மாட்டாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. நானும் வீட்டுல போடுறதில்ல சார்!”

ஏப்ரல் 7, திங்கள்

15 மணி 20 நிமிடம். புண்: 13.

டாக்டர் இரண்டு தடவை அளந்தார். விரலை எடுக்கும் தேதியை இருபத்தொன்றுக்குத் தள்ளினார். “என்ன செஞ்சீங்க?” என்றார். “செருப்புப் போட்டேன்” என்றேன்.

ஏப்ரல் 9, புதன்

15 மணி.

வெள்ளிக்கிழமை பங்குனி உத்திரம். திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணல் மேடுகளுக்குள் எங்கள் குலதெய்வம் சாஸ்தா. குடும்பத்தில் யாரும் அன்றைக்குப் போகாமல் இருந்ததில்லை. என் பெரியப்பா மகன் ஆவுடையப்பன் அண்ணன் போன் செய்து, “வேன் ஆறு மணிக்கு” என்றார். காலைப் பற்றிச் சொன்னேன்.

“எலே, சாஸ்தா முன்னால பத்து நிமிசம் வெறுங்காலா நின்னா புண்ணு வளந்துருமாக்கும்?”

“பத்துப் பத்து நிமிஷமாத்தான் அண்ணே வளந்துச்சு.”

பிரமு என்னைப் போக வேண்டாம் என்றாள். போவேன், எல்லை தாண்ட மாட்டேன் என்றேன். “அங்க போயி மனசு மாறுனா?” என்றாள். நோட்டைத் தட்டிக் காட்டினேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

கோயிலுக்கு முன்னால் ஒரு பெரிய உடைமுள் மரம். அதன் நிழலில்தான் எல்லாரும் செருப்பைக் கழற்றுகிறார்கள். அதற்கு அப்பால் சிவந்த மணல், கொதிக்கிறது. ஆவுடையப்பன் அண்ணன் என் ஷூவைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். நான் மரத்தடியில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

கால்மணி நேரத்தில் ஒருவர் வந்து தன் செருப்பை என் பக்கத்தில் வைத்து, “அண்ணாச்சி, டோக்கன் உண்டுமா?” என்றார்.

“டோக்கன் இல்லை. நம்பிக்கைதான்.”

“அது போதும்” என்று போய்விட்டார். அவரைப் பார்த்து அடுத்தவர். பத்தரை மணிக்கு நாற்பது ஜோடிகளுக்குமேல் என் பொறுப்பில் இருந்தன. முன்னாள் இயற்பியல் ஆசிரியர், இன்றைய செருப்புக் காவலர். எழுந்து போகவும் முடியாது என்பதால், உள்ளே போய்விடலாமா என்ற எண்ணமும் கூடவே போயிற்று.

சும்மா இருக்க முடியவில்லை. ஒவ்வொரு செருப்பாகத் திருப்பி அடியைப் பார்த்தேன். தேய்மானம் ஒரு நல்ல நோட்டு, அதில் யாரும் பொய் எழுத முடியாது. ஒருவர் குதிகாலை ஊன்றி நடக்கிறார். ஒருவர் இடது காலை இழுக்கிறார். சைக்கிள் ஓட்டுகிறவரின் செருப்பில் நடுவே குறுக்குப் பள்ளம். எல்லாருடையதும் ஒரு திசையில் தேய்ந்திருக்கிறது, மறு திசையில் புதிதாக இருக்கிறது.

அப்படிப் புரட்டிக்கொண்டே வந்தபோது ஒரு நீலவார்ச் செருப்பு. வலது கால் ஒழுங்காக இருந்தது. இடது காலில் வெளிவிளிம்பு முழுக்கத் தேய்ந்து, தாள் போல மெலிந்து, ஓரத்தில் ஓட்டையே விழுந்திருந்தது. இவர் பல மாதமாக ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறார் என்று எண்ணினேன். பிறகுதான் அது யாருடைய செருப்பு என்று பார்த்தேன்.

பிரமு தூக்குச்சட்டியில் பொங்கலும் இலைத்துண்டில் திருநீறும் கொண்டுவந்தாள். என் நெற்றியில் பூசினாள்.

“இடுப்பு எத்தனை நாளா வலிக்குது?” என்றேன்.

கை அப்படியே நின்றது. “யாரு சொன்னா?”

“உன் இடது செருப்பு.”

மணலைப் பார்த்தாள். “தை மாசத்துலேருந்து” என்றாள். “ரெண்டு பேரும் ஒரே நேரத்துல படுத்தா யாரு மருந்து வாங்குறது? அதான் சொல்லல.”

“கண்டதை எழுதணும், பிரமு.”

“நான் எங்க எழுதுனேன்? செருப்புல்லா எழுதிருக்கு” என்றாள். நான் நாற்காலியை அவளுக்கு விட்டு எழுந்து நின்றேன். வேண்டாம் வேண்டாம் என்றவள் உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்த விதத்திலேயே மீதியும் தெரிந்தது.

அணிந்த நேரம்: 16 மணி 10 நிமிடம். கழற்றியது: குளிக்க 20 நிமிடம். கோயில் எல்லைக்குள் வைத்த காலடி: இல்லை.

ஏப்ரல் 21, திங்கள்

15 மணி 15 நிமிடம். திருகு: 4. புண்: 4 மி.மீ., மேலே புதுத் தோல்.

டாக்டர் அமலன் காலண்டரைப் பார்க்கவில்லை. அடுத்த திங்களும் வாங்க என்றார், அவ்வளவுதான்.

அங்கிருந்து பிரமுவோடு எலும்பு டாக்டரிடம். அவள் வரமாட்டேன் என்றாள், வந்தாள். மாலையில் இசக்கியப்பன் வந்து அவள் காலுக்கு அளவு எடுத்தார். இடது அட்டையின் வெளிவிளிம்பில் மட்டும் விறைப்பைக் கூட்டப் போகிறார்களாம். அளவுத்தாளில் அவர் முதலில் வரைந்தது கால் இல்லை. குதிகாலிலிருந்து விரலுக்குப் போகும் ஒரு பெரிய அம்புக்குறி. “இனிமே இது இல்லாம மெஷினத் தொட மாட்டேன்” என்றார்.

பிரமுவுக்கும் ஒரு பச்சை நோட்டு வந்திருக்கிறது. பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “அணிந்த நேரம்னு இருக்கே, இன்னும் போடவே இல்லையே, என்ன எழுதட்டும்?”

“பூஜ்யம்னு எழுது.”

எழுதினாள்.

கால்விரல்கள்: பத்து.